மாம்பூவைக் கெடுத்தது யார்? ஒரு நூற்றாண்டு வழக்கு

திருவள்ளூர் மாவட்டத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. வடகிழக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலை ஓரமாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு ஆலைகள், புகைபோக்கிகள், இரவு பகல் பாராமல் ஓடும் லாரிகள். மேற்கே திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் போனால் மாந்தோப்புகள். எல்லையைத் தாண்டினால் ஆந்திராவின் சித்தூர், அங்கேயும் மாந்தோப்புகள்தான். இந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் ஆங்காங்கே செங்கல் சூளைகள்.

இப்படி ஒரு மாவட்டத்தில், தை மாசியில் ஒரு மாமரம் பூக்கிறது. எல்லாக் கிளைகளிலும் பூங்கொத்து நீளமாக, நெல் கதிர் போலத் தொங்குகிறது. ஒரே ஒரு கிளையில் மட்டும் பூவெல்லாம் குட்டையாக, தடித்து, காலிஃபிளவர் மாதிரி ஒன்றாகத் திரண்டு நிற்கிறது. அதில் ஒரு பிஞ்சு கூடப் பிடிக்கவில்லை. காரணம் யார்?

"ஆலைப் புகைதான்" என்று ஒருவர் சொல்வார். "ஏதோ பூச்சி, மருந்து அடித்தால் போய்விடும்" என்று இன்னொருவர் சொல்வார். "மரத்துக்குச் சத்து பத்தவில்லை" என்பார் மூன்றாமவர். ஆச்சரியம் என்னவென்றால், உலகத்தின் பெரிய பெரிய விஞ்ஞானிகளும் இதே கேள்வியில் இதே மாதிரி பிரிந்து நின்று நூறு வருடத்துக்கு மேல் சண்டை போட்டிருக்கிறார்கள்! அந்தச் சண்டையின் கதைதான் இது. அதில் முக்கியக் குற்றவாளியாகக் கூண்டில் நிறுத்தப்பட்டது கண்ணுக்கே தெரியாத ஒரு சின்ன உயிர்: சிலந்திப்பேன்.

நோய் எப்படி இருக்கும்?

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். இதற்கு 'மா உருக்குலைவு' என்று பெயர். மாமரத்தின் ஒரு நல்ல பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னப் பூக்கள் இருக்கும். அவற்றில் சில ஆண் பூக்கள், சில இருபால் பூக்கள். இருபால் பூக்களில்தான் காய் பிடிக்கும். உருக்குலைவு வந்த பூங்கொத்தில் காம்புகள் நீளாமல் குறுகித் தடித்துவிடும். பூக்கள் வழக்கத்தை விடப் பெரிதாகி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் ஆண் பூக்களாகவே இருக்கும். மிச்சமிருக்கும் இருபால் பூக்களும் காய்க்காது. நல்ல பூங்கொத்தில் பூ உதிர்ந்து காய் வரும் காலத்திலும் இந்தக் கொத்து பச்சையாகவே நிற்கும். பிறகு காய்ந்து கருகி, மாதக்கணக்கில் மரத்திலேயே தொங்கும்.

சின்னக் கன்றுகளில் வேறு மாதிரி வரும். நுனிக்குருத்து ஒரே தண்டாக வளராமல், குட்டை குட்டையாகப் பல குருத்துகள் ஒரே இடத்தில் முளைத்துத் துடைப்பம் மாதிரி நிற்கும்.

இந்த நோய் வட இந்தியாவில்தான் அதிகம். உத்தரப் பிரதேசம், பீகார், பஞ்சாப், டெல்லி பக்கங்களில் விவசாயிகளுக்குப் பெரிய தலைவலி. தெற்கே அந்த அளவுக்குத் தீவிரம் இல்லை. பூக்கும் நேரத்தில் வடக்கே இருக்கும் குளிர் இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆனால் மாங்கன்று ரயிலிலும் லாரியிலும் பயணம் செய்யும் காலம் இது. தீவிரம் இல்லை என்பதற்காகத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட முடியாது.

சந்தேகம் ஏன் சிலந்திப்பேன் மேல் விழுந்தது?

சென்னையிலும் திருவள்ளூரிலும் தெருவோரம் நிற்கும் புங்க மரத்தின் இலைகளைக் கவனித்திருக்கிறீர்களா? இலை மேல் சின்னச் சின்ன விரல் மாதிரிப் புடைத்துக்கொண்டு நிற்கும். அது நோயும் இல்லை, முட்டையும் இல்லை. புங்க மரம் தானே கட்டிய வீடு! யாருக்கு என்றால், ஈரியோபைட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த சிலந்திப்பேனுக்கு.

இந்தச் சிலந்திப்பேன்கள் சாதாரணமான பிராணிகள் அல்ல. நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். வெறும் கண்ணால் பார்க்க முடியாது. புழு மாதிரி உடம்பு. மற்ற சிலந்திப்பேன்களுக்கு எட்டுக் கால் என்றால் இவற்றுக்கு நான்கே கால், அதுவும் தலைப்பக்கம் மட்டும். ஊசி போன்ற வாயால் இளம் செல்லைக் குத்திச் சாறு குடிக்கும்போது, செடியின் வளர்ச்சியையே திருப்பிவிடுகிறது. அந்த இடத்துச் செல்கள் தாறுமாறாகப் பெருகிப் புடைப்பாகின்றன. அந்தப் புடைப்புக்குள் சிலந்திப்பேனுக்கு வெயில், மழை, எதிரி எதுவும் கிடையாது. சாப்பாடும் சுவரிலேயே கிடைக்கும். காசு கொடுக்காமல் வீடும் சோறும்!

இலையை மட்டுமல்ல, பூவையும் இவை விடுவதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆஷ் என்ற மரத்தின் பூக்களை ஒரு சிலந்திப்பேன் முடிச்சு முடிச்சாக மாற்றிவிடுகிறது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்த பிறகும் அந்த முடிச்சுகள் கறுப்பாகக் கிளையில் தொங்கும். ராஜஸ்தானில் கெஜ்ரி என்று கொண்டாடப்படுகிற நம்ம ஊர் வன்னி மரத்தின் பூக்கதிரையும் ஈரியோபைட் ஒன்று இப்படித்தான் கெடுக்கிறது.

தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இந்தக் குடும்பத்தின் பெயர் நன்றாகவே பழக்கம். தென்னை ஈரியோபைட் சிலந்தி என்றால் பொள்ளாச்சியில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மெக்சிகோவின் குரேரோ மாநிலத்திலிருந்து கிடைத்த அந்தச் சிலந்திக்கு 1965-ல் கெய்ஃபர் என்ற அமெரிக்கர் பெயர் வைத்தார். 1990-களின் கடைசியில் அது கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு தமிழ்நாட்டுக்கும் வந்து, தேங்காய் மட்டையைப் பழுப்பாக்கி, வெடிக்க வைத்து, காயைச் சிறுக்க வைத்தது.

ஆக, சிலந்திப்பேனுக்குப் பழைய 'கேஸ்' நிறைய உண்டு. மாம்பூ விகாரமாகி நிற்கும்போது அதன் மொட்டைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே சிலந்திப்பேன்! வேறு சாட்சி எதற்கு?

அங்கேதான் சிக்கல்.

தர்பங்கா, 1891

கதை பீகாரில் தொடங்குகிறது. சார்லஸ் மேரீஸ் என்று ஒரு ஆங்கிலேயர். இங்கிலாந்தின் புகழ்பெற்ற வீட்ச் நாற்றுப்பண்ணைக்காக 1870-களின் இறுதியில் ஜப்பானிலும் சீனாவிலும் சுற்றிச் செடிகள் சேகரித்தவர். ஜப்பானின் ஒரு ஃபிர் மரத்துக்கு இவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். பிற்பாடு இந்தியா வந்து தர்பங்கா மகாராஜாவின் தோட்டங்களுக்குப் பொறுப்பாளர் ஆனார். தர்பங்கா என்றால் மாம்பழத்துக்குப் பேர் போன ஊர். அங்கே அக்பர் ஒரு லட்சம் மாமரங்கள் நட்டதாக ஒரு பேச்சு வழக்கு உண்டு.

இந்தத் தோட்டங்களில்தான் மாம்பூ உருக்குலைவை மேரீஸ் கவனித்தார். இந்தியாவின் விளைபொருள்களைப் பற்றிப் பல தொகுதிகளாக ஒரு பெரிய அகராதி எழுதிய ஜார்ஜ் வாட், 1891-ல் அதைப் பதிவு செய்தார். இந்த நோயைப் பற்றி உலகில் கிடைக்கும் முதல் குறிப்பு என்று இன்றைக்கும் எல்லா ஆராய்ச்சிக் கட்டுரைகளும் இதைத்தான் சொல்கின்றன.

அடுத்து 1910-ல் பூனா விவசாயக் கல்லூரியின் இதழில் பர்ன்ஸ் என்பவர் இதைப் பற்றி எழுதினார். அதாவது பீகாரில் மட்டுமல்ல, மேற்கு இந்தியாவிலும் நோய் இருந்தது. ஆனால் காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

கூண்டில் சிலந்திப்பேன்

1940-களில் எகிப்தில் இந்த நோயை ஆராய்ந்தவர்கள் மா மொட்டுக்குள் வாழும் ஒரு ஈரியோபைட்டைக் கண்டார்கள். 1946-ல் சையத் என்ற எகிப்திய ஆய்வாளர் அதை விவரித்தார். இன்று அதன் பெயர் அசேரியா மாஞ்சிஃபெரே. 'மாஞ்சிஃபெரே' என்பதில் இருக்கும் 'மாங்' நம்முடைய 'மாங்காய்' தான்! போர்த்துகீசியர்கள் கேரளக் கரையில் கேட்ட சொல், சுற்றிச் சுற்றி ஒரு சிலந்திப்பேனின் பெயரிலும் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்தியாவிலும் அதே முடிவு எட்டியது. பெங்களூரிலிருந்து வரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் 1954-ல் நரசிம்மன் என்பவர், மாம்பூங்கொத்து உருக்குலைவுக்கு ஈரியோபைட் சிலந்திப்பேனே காரணம் என்று எழுதினார். 1962-ல் நரியானி, சேத் என்ற இருவரும் சிலந்திப்பேனின் பங்கைத் தனியாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நோய் வந்த மொட்டில் சிலந்திப்பேன் இருக்கிறது. அதே குடும்பம் மற்ற மரங்களில் இதே மாதிரி விகாரங்களைச் செய்கிறது. யாராக இருந்தாலும் அந்த முடிவுக்குத்தான் வருவார்கள். தோப்புக்காரர்கள் சிலந்திப்பேனைக் கொல்லும் மருந்தை அடித்தார்கள்.

ஆனால் மூன்று விஷயங்கள் உறுத்திக்கொண்டே இருந்தன.

ஒன்று, நோயே இல்லாத மரத்தின் மொட்டிலும் அதே சிலந்திப்பேன் இருந்தது. குற்றவாளி என்றால் அவன் போன இடமெல்லாம் குற்றம் நடந்திருக்க வேண்டாமா?

இரண்டு, மருந்து அடித்துச் சிலந்திப்பேனை ஒழித்த பிறகும் நோய் தொடர்ந்தது.

மூன்று, நோய் வந்த மரத்தில் ஒட்டுக்குச்சி எடுத்தால், புதுக் கன்றுக்கும் நோய் போனது. ஏதோ ஒன்று கிளைக்குள்ளேயே குடியிருந்தது.

இதை நம்ம ஊரில் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! காக்கை உட்கார்ந்தது நிஜம். பழம் விழுந்ததும் நிஜம். ஆனால் பழத்தைத் தள்ளியது காக்கையா என்பது வேறு கேள்வி.

இதற்கிடையே வேறு சந்தேகங்களும் கிளம்பின. வைரஸ் என்றார்கள் சிலர். சத்துக் குறைபாடு என்றார்கள் சிலர். மரத்தின் வளர்ச்சி ஹார்மோன்கள் நிலைதவறிவிட்டன என்றார்கள் வேறு சிலர். இந்தக் கடைசிக் கட்சிக்கு ஒரு பலமான ஆதாரமும் இருந்தது. அக்டோபரில் என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியை 200 பி.பி.எம். அளவில் தெளித்தால் அடுத்த பருவத்தில் உருக்குலைந்த பூங்கொத்துகள் குறைந்தன. இன்றைக்கும் அது பரிந்துரையில் இருக்கிறது. ஆனால் பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் குறைகிறது என்பதால், பாராசிட்டமால் குறைவுதான் காய்ச்சலுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியுமா?

டெல்லியில் புதிய சந்தேக நபர்

1966-ல் டெல்லியில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சும்மன்வார், ராய்சௌத்ரி, பாதக் மூவரும் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டே பக்கம். உருக்குலைந்த மாம்பூக்களில் ஃபுசேரியம் என்ற பூஞ்சை இருக்கிறது என்றார்கள். 1974-ல் வர்மா, லேலே, ராய்சௌத்ரி முதலானோர் இன்னும் ஒரு படி மேலே போய், மா உருக்குலைவு ஒரு பூஞ்சை நோய்தான் என்று எழுதினார்கள்.

வழக்கு முடிந்துவிட்டதா? இல்லை. எதிர்த்தரப்பு கேட்டது: "ஃபுசேரியம் எங்கேதான் இல்லை? மண்ணிலும் காற்றிலும் நெல்லிலும் சோளத்திலும் இருக்கிறது. நோய் இல்லாத மாமரத்திலும் கிடைக்கிறது. சிலந்திப்பேனை விடுதலை செய்ய நீங்கள் சொன்ன அதே வாதம் பூஞ்சைக்கும் பொருந்துமே?"

நியாயமான கேள்வி. இங்கே ராபர்ட் காக்கை நினைத்துக்கொள்ள வேண்டும். (பனம்பழத்துக் காக்கை இல்லை! 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ஜெர்மன் மருத்துவர்.) ஒரு கிருமிதான் ஒரு நோய்க்குக் காரணம் என்று நிரூபிக்க அவர் வழியில் வந்த விதிகள் சுருக்கமாக இவை:

1. நோய் வந்த உயிரில் அந்தக் கிருமி இருக்க வேண்டும்.
2. அதைத் தனியாகப் பிரித்து, கலப்பில்லாமல் வளர்க்க வேண்டும்.
3. அதை நோயில்லாத உயிருக்குள் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும்.
4. புதிதாக நோய் வந்த உயிரிலிருந்து அதே கிருமியை மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும்.

சிலந்திப்பேனை இந்த விதிகளுக்குள் அடக்குவது கஷ்டம். உயிருள்ள செடி இல்லாமல் அதை வளர்க்க முடியாது. ஒரு மரத்திலிருந்து எடுத்து இன்னொரு கன்றில் விட்டால், அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகளும் கூடவே போகும். நோய் வந்தால் அதைக் கொண்டுவந்தது சிலந்திப்பேனா, அது சுமந்துவந்த மூட்டையா என்று எப்படிச் சொல்வது?

பூஞ்சையைத் தனியாக வளர்க்க முடியும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல். நோய் வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகும். அத்தனை மாதத்தில் காற்றிலிருந்து வேறு ஃபுசேரியம் வந்து ஒட்டியிருக்கலாமே? கடைசியில் மொட்டிலிருந்து எடுப்பது, ஆய்வாளர் செலுத்திய அதே பூஞ்சைதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?

பூஞ்சைக்கு ஒரு அடையாள அட்டை தேவைப்பட்டது.

நீல நிற அடையாள அட்டை

அந்த அட்டை 1999-ல் இஸ்ரேலில் தயாரானது. ஃப்ரீமன், மைமோன், பிங்காஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஈ. கோலை என்ற பாக்டீரியாவில் 'கஸ்' என்று ஒரு மரபணு இருக்கிறது. அதை மாமரத்து ஃபுசேரியத்துக்குள் புகுத்தினார்கள். இந்த மரபணு இருக்கும் உயிரின் மீது ஒரு குறிப்பிட்ட ரசாயனத்தைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். காற்றில் அலையும் சாதாரண ஃபுசேரியத்தில் இந்த நிறம் வராது.

அடையாளம் போட்ட பூஞ்சையை மாமரத்தின் மொட்டுகளில் செலுத்தினார்கள். உருக்குலைவு வந்தது. விகாரமான பாகங்களைச் சோதித்தார்கள். உள்ளே நீல இழைகள்! செலுத்திய அதே பூஞ்சை. 1891-ல் தர்பங்காவில் தொடங்கிய வழக்குக்கு நூறு வருடம் கழித்து மறுக்க முடியாத ஒரு சாட்சி கிடைத்தது.

2002-ல் இந்தப் பூஞ்சைக்குத் தனிப்பெயரும் வந்தது: ஃபுசேரியம் மாஞ்சிஃபெரே. அதுவரைக்கும் அதை மற்ற ஃபுசேரியங்களோடு சேர்த்து ஒரு காலத்தில் மோனிலிஃபார்மே என்றும், பிறகு சப்குளூட்டினன்ஸ் என்றும் அழைத்துக்கொண்டிருந்தார்கள். மரபணுவைப் படித்த பிறகுதான் மாமரத்துக்கென்றே தனி இனம் இருப்பது தெரிந்தது. ஒரு பழைய குழப்பம் ஏன் அத்தனை வருடம் நீடித்தது என்பதும் இதில் ஓரளவு விளங்குகிறது. பல இனங்களுக்கு ஒரே பெயரை வைத்துக்கொண்டால், "நோயில்லாத மரத்திலும் ஃபுசேரியம் இருக்கிறதே" என்ற கேள்வி எழத்தானே செய்யும்!

அப்படியானால் சிலந்திப்பேன் நிரபராதியா?

இதுதான் இந்தக் கதையின் அழகான திருப்பம். சிலந்திப்பேன் கொலைகாரன் இல்லை. ஆனால் நிரபராதியும் இல்லை!

2009-ல் மீண்டும் இஸ்ரேலில் இருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. இந்த முறை பூஞ்சைக்குப் பச்சை ஒளிவிடும் புரதத்தின் மரபணுவை அடையாளமாகக் கொடுத்தார்கள். ஜெல்லி மீனில் இருந்து கண்டுபிடிக்கப்பட்ட புரதம் அது. பூஞ்சையின் பக்கத்தில் சிலந்திப்பேன்களை விட்டுப் பார்த்தபோது, அவற்றின் உடம்பில் பச்சை வித்துகள் ஒட்டியிருந்தன.

பிறகு தொட்டியில் வளரும் மாங்கன்றுகளில், நுனி மொட்டுக்குப் பக்கத்து இலையில் பூஞ்சையை வைத்தார்கள். சில கன்றுகளில் சிலந்திப்பேனையும் சேர்த்து வைத்தார்கள். பூஞ்சை மட்டும் வைத்த கன்றுகளில் மொட்டுக்குள் வித்து போகவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்த கன்றுகளில்தான் மொட்டின் செதில்களுக்கு உள்ளே வித்து கிடைத்தது. அதாவது மூடியிருக்கும் மொட்டுக்குள் பூஞ்சையைத் தூக்கிக்கொண்டு போய் விட்டது சிலந்திப்பேன். சிலந்திப்பேன் இருந்த கன்றுகளில் நோய் வந்த மொட்டுகளும் அதிகம், நோயின் கடுமையும் அதிகம்.

ஆனால் மரத்துக்கு மரம் நோயைப் பரப்புவதும் சிலந்திப்பேன்தானா? நோய் வந்த தோப்பில் இரண்டு வருடம் பொறிகள் வைத்துப் பார்த்தார்கள். காற்றில் பூஞ்சை வித்துகள் ஏராளமாகக் கிடைத்தன. வித்தைச் சுமந்துகொண்டு காற்றில் பறந்து வந்த சிலந்திப்பேன் ஒன்று கூடக் கிடைக்கவில்லை. ஆக, மரம் விட்டு மரம் தாவ பூஞ்சைக்குக் காற்றே போதும். மொட்டுக்குள் நுழையத்தான் சிலந்திப்பேனின் உதவி.

திருடியவன் வேறு, கதவைத் திறந்துவிட்டவன் வேறு. அறுபது வருடம் முன்னால் எகிப்திலும் இந்தியாவிலும் சிலந்திப்பேனைக் கண்டவர்கள் கண்ணால் கண்டது பொய்யில்லை. அது அங்கே இருந்தது, அதற்கு ஒரு வேலையும் இருந்தது. ஆனால் அவர்கள் நினைத்த வேலை இல்லை.

புகை என்ற இன்னொரு சந்தேக நபர்

இனி கும்மிடிப்பூண்டிக் கேள்விக்கு வருவோம். ஆலையும் சூளையும் இருக்கும் ஊரில் புகையைச் சந்தேகப்படுவது தப்பா? தப்பே இல்லை. மாமரத்தின் வரலாற்றிலேயே புகை குற்றவாளி என்று நிரூபணமான வழக்கும் ஒன்று இருக்கிறது.

அதற்குக் 'கருமுனை' என்று பெயர் சொல்லலாம். மாங்காய் சிறிதாக இருக்கும்போதே அதன் கீழ் நுனி மஞ்சளாகி, பிறகு கறுத்து, கெட்டியாகிவிடும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதுவும் பீகாரில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. பூஞ்சையைத் தேடினார்கள், பாக்டீரியாவைத் தேடினார்கள். கடைசியில் விடை தோப்புக்கு வெளியே இருந்தது: செங்கல் சூளை! சூளையை ஒட்டிய தோப்புகளில்தான் நோய் அதிகம். தூரம் போகப் போகக் குறைந்தது. நிலக்கரி எரியும்போது வரும் சல்ஃபர் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள்தான் காரணம் என்று தெரிந்தது. தோப்பை விட்டுத் தள்ளிச் சூளை போடுவதும், புகைபோக்கியை உயர்த்துவதும், காய்க்குப் போராக்ஸ் கரைசல் தெளிப்பதும் அப்படித்தான் பரிந்துரையாக வந்தன.

இரண்டு நோய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புகை கெடுப்பது காயின் நுனியை. பூஞ்சை கெடுப்பது பூங்கொத்தையும் குருத்தையும். புகையின் சேதம் சூளை இருக்கும் திசையைப் பொறுத்து, தூரத்தைப் பொறுத்து மாறும். பூஞ்சையின் சேதத்துக்குச் சூளை எங்கே இருக்கிறது என்ற கவலையே இல்லை. ஒரே மரத்தில் ஒரு கிளை கெட்டு, பக்கத்துக் கிளை நன்றாக இருக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் நஷ்டம் இரண்டு பக்கமும் உண்டு. பூஞ்சை நோயைப் புகை என்று நினைத்தால், தோப்புக்காரர் மனுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். நோய்க்கிளை வெட்டப்படாமல் அடுத்த வருடம் இன்னும் பத்துக் கிளைக்குப் போகும். நிஜமாகவே புகையால் வந்த சேதத்தைப் "பூச்சிதான், மருந்தடியுங்கள்" என்று சொல்லிக் கைகழுவினால், மருந்துச் செலவும் விவசாயி தலையில், புகையும் விவசாயி தலையில். தொழிற்பேட்டையும் தோப்பும் ஒரே மாவட்டத்தில் இருக்கும்போது இது வெறும் தாவரவியல் பாடம் இல்லை. யார் பொறுப்பு என்ற கேள்வி.

தோப்பில் என்ன செய்ய வேண்டும்?

சரித்திரம் தெரிந்தால் வைத்தியமும் தானாகப் புரியும். காரணம் கிளைக்குள் இருக்கும் பூஞ்சை. அதனால் சிலந்திப்பேனுக்கு மருந்து அடித்தால் மட்டும் தீராது.

உருக்குலைந்த பூங்கொத்தை மட்டும் கிள்ளிப் போடக்கூடாது. அதற்குக் கீழே 15 முதல் 20 சென்டிமீட்டர் நல்ல கிளையையும் சேர்த்து வெட்ட வேண்டும். வெட்டியதைத் தோப்பிலேயே போட்டுவிடாமல் எரிக்க வேண்டும், காய்ந்த கொத்திலும் வித்து இருக்கும். வெட்டும் கத்தியையும் கத்தரியையும் அடுத்த மரத்துக்குப் போகும் முன் சுத்தம் செய்ய வேண்டும். நோய் வந்த மரத்திலிருந்து எக்காரணம் கொண்டும் ஒட்டுக்குச்சி எடுக்கக்கூடாது.

கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். இந்த நோய் எகிப்து, இஸ்ரேல், தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா, மெக்சிகோ, பிரேசில் என்று மா வளரும் தேசங்களில் பலவற்றுக்குப் போய்விட்டது. 2007-ல் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியிலும் உருக்குலைவு கண்டுபிடிக்கப்பட்டது. காற்று ஒரு தோப்புக்குள் வித்தைக் கொண்டுபோகும். கடல் தாண்டிக் கொண்டுபோக மனிதன் கையில் இருக்கும் கன்று வேண்டும். எனவே நாற்றுப்பண்ணையில் கன்று வாங்கும்போது நுனிக்குருத்து துடைப்பம் மாதிரி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்து வாங்குவது நல்லது. சந்தேகம் இருந்தால் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குத் திரூர் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு கொத்தைப் பாலிதீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். மாம்பூ விஷயத்தில் தீர விசாரிக்க 118 வருடம் ஆனது. பீகார், பூனா, எகிப்து, பெங்களூர், டெல்லி, இஸ்ரேல் என்று எத்தனையோ பேர் ஆளுக்கொரு சாட்சியைச் சேர்த்தார்கள். தப்பாகச் சொன்னவர்கள் கூட அந்தச் சிலந்திப்பேனைக் கவனித்து எழுதி வைத்திருக்காவிட்டால், 2009-ல் அதைப் பூஞ்சையோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

அடுத்த தை மாசியில் ஏதாவது ஒரு மாமரத்தின் கீழே நிற்க நேர்ந்தால், அண்ணாந்து ஒரு முறை பூங்கொத்துகளைப் பாருங்கள். எல்லாம் நீளமாகத் தொங்கினால் சந்தோஷம். குட்டையாகத் திரண்ட ஒரு கொத்து கண்ணில் பட்டால், மரத்துக்குச் சொந்தக்காரரிடம் அதைச் சொல்லுங்கள். புகையா பூச்சியா என்று அவர் கேட்டால், பதில் இப்போது உங்களுக்குத் தெரியும்.